ஏற்றாத அகல்

மார்கழி, செவ்வாய் இரவு

குட்டிமா, உன் அக்கா செல்வி இன்று இஸ்ரேலில் இருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அவள் வேலை செய்கிற வீட்டில் வயதான யூத அம்மாள் ஜன்னலோரம் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். ஹனுக்காவாம், எட்டு நாள் பண்டிகை.

"அந்தக் காலத்துல ஒரு ராஜா இவங்க கோயிலைத் தீட்டாக்கிட்டானாம்மா. இவங்க சண்டை போட்டு மீட்டாங்க. சுத்தமான எண்ணெய் ஒரு நாளைக்குத்தான் இருந்துச்சாம். பத்தாதுன்னு தெரிஞ்சும் ஏத்தினாங்களாம். எட்டு நாள் எரிஞ்சுதாம்."

அந்த அம்மாளின் மகனும் இந்த வருடம்தான் இறந்தானாம். "துக்கம்னு இதை நிறுத்த மாட்டாங்களாம்மா" என்றாள் செல்வி.

நீ இறந்து வருடம் திரும்பவில்லை என்று நாங்கள் கார்த்திகைக்கு விளக்கு வைக்கவில்லை. தெருவிலேயே நம் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது.

போனை வைத்ததும் அகலில் எண்ணெய் ஊற்றினேன். உன் அத்தை பார்த்துவிட்டார். "சாவு வூட்டுல அதுக்குள்ள விளக்கா? இஸ்ரேல் சாமி வந்து சொல்லுச்சா?" என்றார்.

அவர் பேசியது எனக்கு வலிக்கவில்லை. திரி போட்ட பிறகு தீக்குச்சி கிழிக்கத்தான் கை வரவில்லை. ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால், அம்மா உன்னை மறந்துவிட்டாள் என்று நினைப்பாயா, கண்ணு?