வழிதவறிய பேனர்

மரக்காணம்
பங்குனி மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ரேகாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் வராமல் இருப்பாய் என்று சாமியை நம்பியிருக்கிறேன். நலம் விசாரித்து முடிந்தது, இனி திட்டப் போகிறேன். போனில் திட்டினால் நீ சிரிக்கிறாய், நீ சிரித்தால் நான் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் ரேகா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். சிரிக்காமல் கடைசி வரைக்கும் படி.

உனக்கு டாக்டர் பட்டம் கிடைத்த சந்தோஷத்தில் உன் மாமா மகன் சிலம்பரசன் பேனர் வைத்தான் அல்லவா, அதை யாரைக் கேட்டு வைத்தான் என்று எனக்கு இன்னும் தெரியாது. நீ அனுப்பிய இங்கிலீஷ் காகிதத்தில் 'டீவியன்ட் லாஜிக்' என்று இருந்ததாம். அதைப் போனில் போட்டுத் தமிழாக்கினானாம், 'நெறி தவறிய தர்க்கம்' என்று வந்ததாம். நெறி என்றால் நம் ஜனங்களுக்குப் புரியாது என்று அவனே பெரிய மனது பண்ணி 'வழிதவறிய' என்று மாற்றிவிட்டான். பேனர் அடிக்கிற கடைக்காரன் இடம் பத்தவில்லை என்று வரியை உடைத்துவிட்டான். உப்பளத்துக்குத் திரும்புகிற முனையில், 'அயல்நாட்டில் வழிதவறிய' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து, பக்கத்தில் பட்டு கட்டிக்கொண்டு நீ சிரிக்கிற போட்டோ, கீழே 'எங்கள் குலவிளக்கு', அதற்கும் கீழே கூலிங்கிளாஸ் போட்ட சிலம்பரசனும் அவன் சேக்காளிகளும். தர்க்கம், பட்டம் எல்லாம் எறும்பு சைஸில் ஓரத்தில் கிடந்தது. அதைக் குனிந்து படித்த ஒன்றிரண்டு பேரும் தர்க்கம் என்றால் சண்டை என்றுதான் நினைத்தார்கள். உப்பு வாரப் போகிற பெண்கள் லோடு ஆட்டோவை நிறுத்தி வாயில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் அப்பாவிடம், "இன்னா நடராசு, வழிதவறினவங்களுக்குப் போயி டாக்டர் பட்டம் குடுக்குறாங்கன்றே, லாஜிக் இடிக்குதே" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டார்.

இதெல்லாம் போகட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பிரம்மதேசத்திலிருந்து ரேகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் கார் திரும்பியது அதே முனையில். பையன் பேர் பரத். அவன் அம்மா அமுதவல்லிதான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "பெரிய பொண்ணு வழிதவறிட்டாங்கன்னா மனசுக்குள்ள வச்சிப்பாங்க, நீங்க என்னாங்க போர்டு போட்டு வச்சிருக்கீங்க" என்றார். அது படிப்புங்க என்றார் அப்பா. என்ன படிப்பு என்றார் அந்த அம்மாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். கேசரியைத் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு, "வீட்ல கலந்து பேசிட்டு போன் பண்றோங்க" என்று எழுந்துவிட்டார்கள்.

இதை உனக்குச் சொன்னபோது நீ என்ன செய்தாய்? மூச்சு முட்டச் சிரித்தாய். அப்புறம் சொன்னாய், 'டீவியன்ட்' என்பது உங்கள் படிப்பு பிடிக்காமல் அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள் வைத்த பேராம், நீங்கள் அதையே செல்லப் பேராக வைத்துக்கொண்டீர்களாம். பேனர் போட்டோவைப் பார்த்து உன் புரொபசர் அதைப் பனியனில் அடித்துக்கொள்ள வேண்டும் என்றாராம். அடித்துக்கொள்ளட்டும், அவருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கச்சி இருக்கிறாளா? அமுதவல்லி சொன்ன பதிலைச் சொன்னால், "அது இன்னும் ஆமாவும் இல்லம்மா, இல்லன்னும் இல்ல, எங்க படிப்புல அதுக்கு கேப்னு பேரு" என்கிறாய். ஏண்டி, நீ இந்த ஊரில்தானே பிறந்தாய்? பெண் பார்த்துவிட்டுக் கலந்து பேசிட்டுச் சொல்றோம் என்றால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், இல்லை என்பது. உன் தங்கை அழுது முகம் வீங்கிப் படுத்திருந்தாள், அவள் காதில் போய்ச் சொல் உன் கேப்பை.

ஆனால் எனக்கு வயிறு எரிவது இதற்குக்கூட இல்லை. நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லித் தொலையேன், நான் அந்த அம்மாளிடம் சொல்கிறேன் என்று கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் தமிழ்ல பேர் இல்லம்மா, சொன்னா உனக்குப் புரியாது" என்றாய் பார், அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமாக உன் பெண் என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் கம்ப்யூட்டர் மாதிரி ஏதோ என்று சொல்லிச் சொல்லி எனக்கே அவமானமாக இருக்கிறது. ஒரு தரம் நீ ஃபஸி லாஜிக் என்றாய், அப்பா காதில் பசி என்று விழுந்து, பிள்ளை அங்கே பட்டினி கிடக்கிறதா என்று ஒரு வாரம் என்னைப் பிடுங்கி எடுத்தார். அப்போதும் சிரித்தாய், திருத்திச் சொல்லவில்லை. உலகத்தில் உள்ளவருக்கெல்லாம் பாடம் நடத்துகிறாய், பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நேரமில்லை. நீ பேர் சொல்லாமல் விட்டாய், அதனால் சிலம்பரசன் ஒரு பேர் வைத்தான். அவனைத் திட்டி என்ன பிரயோசனம், அவன் முட்டாள், ஆனாலும் உன்மேல் ஆசையாகத்தானே செய்தான்.

பேனரை அப்பா அவிழ்த்து வந்து உப்பளத்தில் உப்புக் குவியலை மூடக் கவிழ்த்துப் போட்டுவிட்டார். இப்போது நான் செய்திருப்பதைக் கேள். அமுதவல்லிக்கு நானே போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வாங்க, என் பெண் என்ன படித்தாள் என்று அவள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "வர்றோங்க" என்றார். பரத்துக்கு ரேகாவைப் பிடித்திருக்கிறதாம், அவன்தான் வீட்டில் பிடிவாதம் பிடித்திருக்கிறான். அதனால் ஞாயிறன்று வீடியோவில் வா. தலையை வாரிக்கொண்டு வா. இங்கிலீஷ் வேண்டாம், சிரிப்பு வேண்டாம். சிலம்பரசனிடம் புது பேனருக்குச் சொல்லியாகிவிட்டது. உன் படிப்பின் பேர் வருகிற இடத்தை மட்டும் வெள்ளையாக விடச் சொல்லியிருக்கிறேன். நீ சொல்லாவிட்டால் அப்படியே கட்டி, விவரத்துக்கு என்று கீழே உன் போன் நம்பரைப் போடுவேன். ஊரே உனக்குப் போன் போட்டுக் கேட்கட்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி கண் விழிக்காதே, பிரட்டைத் தின்று வயிற்றைக் காயப்போடாதே. நீ நல்லபடியாக நூறு வருஷம் இருக்க வேண்டும், இன்னும் பெரிய பட்டமெல்லாம் வாங்க வேண்டும். அம்மாவின் ஆசீர்வாதம் கோபத்திலும் குறையாது. ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிறு காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால் போன் போடு. அமுதவல்லிக்குச் சொல்லப் போவதை முதலில் எனக்குச் சொல். புரியவில்லை என்றால் இன்னொரு தரம் கேட்பேன், நீ இன்னொரு தரம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் தீராத கோபத்தில் இருக்கும் அம்மா,
ந. பாஞ்சாலை