பிள்ளையைத் தூக்கப் பழகிய நாட்கள்

9 நவம்பர் 2005, புதன்

விடிந்ததிலிருந்து மழை. உப்பளம் மூடி ஒரு மாதமாகிறது. தை பிறக்கும் வரை பாத்தியெல்லாம் தண்ணீர்தான்.

வேலை கிடைத்துவிட்டது. கோட்டக்குப்பத்தில் ஒரு வீடு. நூர்ஜஹான் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம், டிசம்பர் நடுவில். புருஷன் ஷார்ஜாவில். குழந்தை பிறந்ததும் நாற்பது நாள் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நூரின் அம்மா கேட்டார்: "பொறந்த கொழந்தைய பாத்துப் பழக்கம் இருக்குதா கஸ்தூரி?"

"இருக்குதுங்கம்மா."

பொய். என் மகள் கவிதா பிறந்த இருபதாம் நாளே நான் உப்பளத்துக்குப் போய்விட்டேன். குளிப்பாட்டியது, தூங்க வைத்தது எல்லாம் மாமியார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கவிக்கு இப்போது ஒன்பது வயது. பச்சைக் குழந்தையின் தலையை எந்தக் கையில் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

பால் கொடுத்த நேரமெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார்கள். பத்தாவதுக்குப் பிறகு பேனா பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

11, வெள்ளி

வாங்க வேண்டியது: முழுக்கை நைட்டி 2, நகவெட்டி, சோப்பு, தலைக்குக் கட்ட வெள்ளைத் துணி. கைக்கு இரண்டு வேளை தேங்காய் எண்ணெய். உப்பு அரித்த வெடிப்பு இன்னும் ஆறவில்லை. துணியைத் தடவினால் நூல் சிக்குகிறது.

கவியின் அப்பா: "எவங்க வூட்டுப் புள்ளையவோ பாக்க, நம்ம புள்ளைய வுட்டுட்டுப் போறியா?" ஒரு தடவைதான் கேட்டார். அப்புறம் என் பையின் அறுந்த ஜிப்பை அவரே தைத்து வைத்தார். பக்கத்து வீட்டில் நாத்தனார். கவிக்குச் சோறு அங்கே.

12, சனி

துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை.

"ரெண்டரை கிலோ அரிசிய துணியில சுத்தி தூக்கிப் பழகு. கழுத்துக்கு அடியில கை போவணும். பாலாடையில, அதான் பால் புகட்டுற சங்குல, தண்ணி ஊத்தி கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சிப் பாரு."

சாயங்காலம் அரிசியைத் துணியில் சுற்றினேன். இரண்டு முறை நழுவியது. கவி பக்கத்தில் உட்கார்ந்து, "யம்மா, அரிசி அழுவுது பாரு" என்று சிரித்தாள். பிறகு அவளே பாடம் எடுத்தாள்: இப்படி, இப்படி.

15, செவ்வாய்

மழை விட்டது. கோட்டக்குப்பம் போய் வந்தேன், தங்கும் இடம் பார்க்க. சுத்தமான அறை. நூருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கால் வீங்கியிருக்கிறது. பெருநாளுக்கு வைத்த மருதாணி பாதி அழிந்திருக்கிறது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் எதிரிலேயே:

"இவங்க வேணாம்மா. எங் கொழந்தைய நானே பாத்துப்பேன்."

"சும்மா இரு நூரு" என்றார் அம்மா.

பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு வரும் வரை கோபம். அதற்கப்புறம் அவள் சொன்னதில் என்ன தப்பு என்று தோன்றியது.

20, ஞாயிறு

காலை மளிகைக்கடைக்குப் போன் வந்தது. நேற்றே பிறந்துவிட்டது. ஒரு மாதம் முன்னால், ஆபரேஷன். பெண். ஒரு கிலோ எண்ணூறு கிராம். நூருக்குக் காய்ச்சல். உடனே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வா என்றார்கள்.

கவி பஸ் ஸ்டாண்டில் அழவில்லை. "பாப்பாவுக்கு பேரு வெச்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

22, செவ்வாய்

கண்ணாடிப் பெட்டியிலிருந்து குழந்தையை வெளியே எடுத்தார்கள். யாராவது ஒருவர் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், நம் உடம்புச் சூடு அதற்குப் போக. நூருக்கு இன்னும் காய்ச்சல். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை, கை நடுக்கம். சிஸ்டர் என்னைக் காட்டினார்.

நூர் படுத்தபடியே கேட்டாள்: "உங்களுக்குப் பழக்கம் இருக்குது இல்ல?"

இரண்டாம் தடவை அந்தப் பொய் வாயில் வரவில்லை. "இல்லம்மா. எம் பொண்ணையே நான் பாத்துக்கல. வேலைக்காக அப்படிச் சொல்லிட்டேன்."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப எதுக்குமா வந்தே? எங்க புள்ள உனக்கு விளையாட்டா?" பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் மரியாதை என்று எழுந்துவிட்டேன்.

நூர் சொன்னாள்: "எனக்கும்தாம்மா தெரியாது. சிஸ்டர், ரெண்டு பேருக்கும் சொல்லிக்குடுங்க."

ரவிக்கையைத் தளர்த்தி, குழந்தையை நிமிர்த்தி நெஞ்சில் வைத்து, மேலே துணி சுற்றினார் சிஸ்டர். அரிசி மாதிரி இல்லவே இல்லை. மூச்சு விடுகிறது. ஒரு மணி நேரம் அசையவில்லை. கால் மரத்துப்போனது.

24, வியாழன்

கா. 6 - பால் 15 மி.லி., பாலாடை
8 - 15
10 - 10, கக்கிவிட்டது
12 - 20
மூத்திரம் 5 தடவை. வெளிக்கு 2.

குளிப்பாட்டவே கூடாதாம்! எடை ஏறும் வரை துடைத்தால் போதும். சாம்பிராணியும் கூடாது. இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அது இப்போதைக்கு இல்லை.

நூரின் அம்மா இன்னும் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஆனால் மத்தியானம் எனக்கும் சாப்பாடு எடுத்து வைத்தார்.

27, ஞாயிறு

மறுபடி மழை. நூருக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள். காலையிலிருந்து அவள் நெஞ்சில்தான் குழந்தை. துணி சுற்றியது நான். முடிச்சு சரியில்லை என்று அவளே அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னாள்.

பதினோரு மணிக்கு ஷார்ஜாவிலிருந்து போன். குழந்தை அழுவதைக் கேட்க வேண்டுமாம் அவருக்கு. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அழவில்லை. விக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று.

"என்ன சத்தம் அது? யாரு இருக்காங்க பக்கத்துல? யாரு பாத்துக்கிறா?" போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

நூர் போனை வாங்கி, "விக்கலுங்க, ஒண்ணுமில்ல" என்றாள். "நானும் கஸ்தூரிக்காவும் பாத்துக்கிறோம்."

துணி ஊறிக் கிடக்கிறது. போய் அலசிப் போட வேண்டும்.