கடைசி கம்ப்யூட்டர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும், பாடங்கள் அடங்கிய ஓ.எஸ்ஸை இன்று பள்ளியின் பழைய கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வந்தது. மற்றவை ஓடின; கடைசியில் இருந்தது மட்டும் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவள் கயல்விழி, கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் ஏழாம் வகுப்புப் பெண்.

"எதை அமுக்குன?" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னும் கத்தினேன்.

"நான் தொடவே இல்ல மிஸ்."

"பொய் சொல்லாத."

அழுதுகொண்டே வெளியே போனாள்.

பிறகுதான் புரிந்தது. அவ்வளவு பழைய கம்ப்யூட்டருக்கு ஒத்துவராத பதிப்பை ஏற்றியிருந்தது நான்தான். மாற்றி ஏற்றியதும் ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் காரணத்தைச் சொல்லவில்லை. வெளியே நின்ற கயல்விழியைக் கூப்பிட்டு, "நீயே முதல்ல ஓட்டிப் பாரு" என்றேன். அதுவே மன்னிப்புக் கேட்டதாகிவிடும் என்று நினைத்தேன்.

அவள் வாசலிலேயே நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். இங்கேருந்தே பாக்குறேன்."