விண்வெளியில் சத்தம் வராது என்றவனுக்கு

நெல்லியடிச் சந்தைச் சுவரில் உன் நெற்றியின் மேல் ஒரு விண்கலம் வெடித்துக்கொண்டிருக்கிறது மச்சான். இன்று காலைதான் கண்டேன். உன்னிடம் ரியூசன் படித்த பிள்ளைகள் அடித்து ஒட்டிய கண்ணீர் அஞ்சலிக்கு மேலே, யாரோ ஒரு புண்ணியவான் பசை வாளியோடு வந்து, நீ ஆயுள் முழுக்கத் திட்டித் தீர்த்த அந்தப் படத்தொடரின் கடைசிப் பாகத்தின் போஸ்டரை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஊரில் வேறு சுவரே இல்லையா? மூக்குக்குக் கீழே மட்டும்தான் நீ தெரிகிறாய். பசை இன்னும் காயவில்லை. அந்தப் புளித்த மணத்தில் நின்று முதலில் சிரித்தேன். பிறகு வந்த கோபத்தில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். விண்கலத்தோடு சேர்ந்து உன் காதும் கிழிந்து வரப் பார்த்தது, விட்டுவிட்டேன்.

நீ இருந்திருந்தால் இதற்கும் ஒரு விளக்கம் சொல்லியிருப்பாய். எதற்குத்தான் நீ சொல்லவில்லை?

முதல் பாகத்தை நாங்கள் பார்த்தது கரண்ட் இல்லாத காலத்தில், கரவெட்டியில் ஒரு வீட்டு முற்றத்தில். வாடகை டிவி, வாடகை டெக், வேலிக்கு அப்பால் மண்ணெண்ணெய் குடிக்கிற ஜெனரேற்றர். அந்த இரைச்சலுக்கு மேலாகக் கேட்கட்டும் என்று நான் என் பழைய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வில்லனின் கோட்டைக் கோள் வெடித்தபோது முற்றமே அதிர்ந்தது. சனம் கைதட்டியது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஊர் முழுக்க என் பெட்டிக்குக் கைதட்டுகிறது என்று நான் பூரித்துப்போய் நிற்கிறேன், நீ எழும்பி நின்று, "உது பிழை. அங்கை காத்து இல்லை. சத்தம் வராது" என்றாய். பின்னாலிருந்து யாரோ உன் தலையில் தேங்காய்ச் சிரட்டையை எறிந்தார்கள். எறிந்தது நானில்லை. எறிந்திருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அன்று தொடங்கிய சண்டை அது. நீ பௌதிகம் படித்து ரியூசன் வாத்தியார் ஆனாய். நான் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன் ஆனேன். ஒவ்வொரு பாகம் வரும்போதும் என் ஸ்பீக்கர் ஏற்றுகிற வான் வண்டியில் யாழ்ப்பாணம் போனோம். ஒவ்வொரு முறையும் நீ படத்தைத் திட்டினாய், ஒரு முறையும் வராமல் விட்டதில்லை. "பிடிக்காட்டி ஏன்டா வாறாய்?" என்று கேட்டால், "பிழையைப் பாக்க ஒரு ஆள் வேணும்தானே" என்பாய். தியேட்டருக்குள் உன் பக்கத்தில் இருப்பது போல அவமானம் வேறு கிடையாது. கதாநாயகன் கவசம் இல்லாமல் வெளியே பாய்ந்து காதலியைப் பிடித்து இழுக்கும் கட்டத்தில், முன் வரிசையில் ஒரு பெண் விம்முகிறாள், நீ முழுச் சத்தத்தில், "உவன் இதுக்குள்ளை மயங்கி விழுந்திருக்க வேணும்" என்கிறாய். சனம் திரும்பிப் பார்த்தது உன்னை அல்ல, என்னைத்தான். பெரிய உடம்புக்காரன் நான், அதனால் எல்லாப் பழியும் எனக்கு.

நான் என்ன சும்மா இருந்தேனா? நானும் சொல்லிப் பார்த்தேன். சனம் காசு கொடுத்து வருவது நெஞ்சு அதிர்வதற்கு, பாடம் படிக்க அல்ல. தேருக்கு வாணம் விடும்போது யாராவது அதன் இரசாயனத்தைக் கேட்கிறார்களா? வெளிச்சமும் வெடியும்தான் படம், மற்றதெல்லாம் உன் கரும்பலகையில் இருக்கட்டும் என்றேன். அதற்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஒளியை விட வேகமாக ஓடுகிற கப்பலை நீ ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "பெரிய பொய் ஒண்டு சொல்லலாம் மச்சான், அது கதை. சின்னப் பொய் சொல்லக் கூடாது, அது சோம்பல்." எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

உனக்கு அது வெறும் படமாக இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, சந்திரனில் குண்டு வெடித்தால் அந்தச் சத்தம் பூமிக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒலியின் வேகத்தை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்குச் செய்து, விடையின் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள். அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நான் திருவிழாவுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த கோயில் வீதிக்கே வந்துவிட்டாய். "பார், கணக்குச் சரி! பெருக்கல் சரி, பிரித்தல் சரி! நான் மாதக் கணக்கிலை படிப்பிச்சதை உவங்கடை ஒரு வெடி அழிச்சுப்போட்டுது!" கண் கலங்கி நின்றாய். நான் ஏணியில் நின்றபடி, "இப்ப அந்தப் பிளக்கைப் பிடி" என்றேன். பிடித்தாய். பிடித்துக்கொண்டே, "காத்து இல்லாட்டி உன்ரை தொழிலும் இல்லை, விளங்குதோ?" என்றாய். விளங்கியது. விளங்கினால் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

பிறகு உனக்குச் சிறுநீரகம் பழுதானது. ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்து எனக்குப் போன் எடுத்துக் கத்தினாய். ஏதோ ஆகிவிட்டது என்று கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தால், உன் கையில் போன், முகமெல்லாம் பல். கடைசிப் பாகத்துக்கு ஒரு விஞ்ஞானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்கிறார்களாம். தாய்க்கப்பல் வெடிக்கும் காட்சியில் ஒரு துளிச் சத்தமும் வைக்கவில்லையாம். "வெண்டிட்டம் மச்சான்!" நாங்கள் இருவரும் சேர்ந்து வென்றது போல. "அதை மட்டும் பாத்திட்டுப் போறன்" என்றாய். "ஊமைப் படம் பாக்க நான் வரேல்லை" என்றேன். நீ சிரித்து, இருமத் தொடங்கினாய், தாதி வந்து என்னை வெளியே அனுப்பினாள். நீ பார்க்கவில்லை. படம் வருவதற்கு முன்னமே போய்விட்டாய். ஒரு பாகமும் விடாதவன், இதைப் போய் விட்டாயே! இவ்வளவு அவசரம் என்ன உனக்கு?

அந்த ஒரு காட்சியை உனக்காக நான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். உன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் வீட்டுக்குப் போனேன். தியேட்டர்ப் பக்கமே வராதவள், "நானும் வாறன் அண்ணை. உந்த மனிசன் என்னத்துக்கு இவ்வளவு காலம் சண்டை பிடிச்சவர் எண்டு நானும் பாக்க வேணும்" என்று சேலை மாற்றிக்கொண்டு வந்து வானின் முன் சீட்டில் ஏறிவிட்டாள். உன் சீட்டில்.

போன ஞாயிறு, பின்னேரக் காட்சி, மண்டபம் நிரம்பிய சனம். இடைவேளைக்குப் பிறகு தாய்க்கப்பல் வந்தது. கதாநாயகன் விசையை அழுத்தினான். அதுவரை இடியாய் இடித்த மண்டபம் பொட்டென்று அடங்கியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன்.

எந்தக் கோயிலில் சத்தம் நின்றாலும் தலைவர் முதல் ஐயர் வரை என்னைத்தான் தேடுவார்கள். அந்தப் பழக்கத்துக்கு மூளை தேவையில்லை, கால் போதும். அம்பிளிபயர் போய்விட்டது என்று நினைத்து, மற்றவர்களின் காலை மிதித்துக்கொண்டு, படியேறி, படம் ஓட்டும் அறைக்குள் பாய்ந்துவிட்டேன். கீழே சனம், "சவுண்டைப் போடடா!" என்று கத்துகிறது, விசில் பறக்கிறது. படம் ஓட்டுகிறவர் வியர்த்து விறுவிறுத்து நிற்கிறார். "எல்லாம் வேலை செய்யுது அண்ணை, ஆனா சத்தம் இல்லை!" என்று படத்தை நிறுத்தக் கை வைக்கிறார். நான் பார்க்கிறேன், எல்லா விளக்கும் பச்சை. ஒரு பழுதும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கையை எட்டிப் பிடித்து, "தொடாதை! உது சரி! காத்து இல்லை!" என்றேன். நான் சொன்னேன் மச்சான், என் வாயால்.

அதே நேரம் கீழேயிருந்து உன் மனைவியின் குரல். அவள் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதே இல்லை. "பேசாமல் இருங்கோ எல்லாரும்! அங்கை சத்தம் வராது! அப்பிடித்தான் அது!" ஒருவன் ஏதோ திருப்பிச் சொன்னான். "எனக்குத் தெரியும், இருங்கோ!" என்றாள். மண்டபம் அடங்கிவிட்டது. அவ்வளவு சனத்தை நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை, ஒரு இருமல்கூட இல்லை. நான் அந்த ஆளின் கையைப் பிடித்தபடி சத்தம் காட்டுகிற மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த கண்ணாடித் துளையால் திரையை எட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இறங்கி வந்து இருக்கையில் இருந்தபோது கதாநாயகன் காதலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான், வயலின் வாசித்துத் தள்ளினார்கள். உனக்காகப் பார்க்கப் போன ஒரேயொரு காட்சியை நான் பார்க்கவில்லை. கோதாரி விழுந்த கால்!

கோப்பாய் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அவள், "உடைஞ்ச துண்டெல்லாம் ஏன் அண்ணை கீழை விழுந்தது? அங்கை கீழை எண்டு ஒரு பக்கம் இருக்கோ?" என்று கேட்டாள். எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு ஒருவர் போதாதா? "அது படம்தானே தங்கச்சி, அதையெல்லாம் பாக்கக் கூடாது" என்றேன். "அவர் விட்டிருப்பாரோ?" என்றாள். விட்டிருக்க மாட்டாய். விஞ்ஞானியை வைத்தும் இந்தக் கோலமா என்று வல்லை வெளி முழுக்கக் கத்திக்கொண்டு வந்திருப்பாய்.

வல்லைப் பாலம் வந்தபோது அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ்வளவு பெரிய கப்பல், ஒரு சத்தமும் இல்லாமல் போயிட்டுது. அவர் போனதும் அப்பிடித்தான் அண்ணை. நான் பக்கத்திலை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். எனக்குக் கேக்கேல்லை."

வானை ஓரமாக நிறுத்தினேன். இருவரும் அழுதோம்.

எந்த வெடிக்கும் அசையாமல் சீட்டில் இருந்தவன் நான். அந்த அமைதிதான் என்னை எழுப்பி ஓட வைத்தது. நீ சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது. ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லி, நீ பல்லைக் காட்டி, நான் போடா என்று சொல்லாமல் அதை எப்படி ஒத்துக்கொள்வது? இவ்வளவு காலச் சண்டையில் உன் பக்கத்தை நீ கொண்டுபோய்விட்டாய். என் பக்கம் மட்டும் என்னிடம் கிடக்கிறது, அதுவும் பிழையான பக்கம். இதை வைத்துக்கொண்டு நான் தனியே என்ன செய்ய? சொல்லடா.