ஜோடி பிரிந்த டிஸ்க்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் உன் அக்கா மகள் குட்டிக்கும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லை, சாப்பாடு இறங்குகிறது, நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் அந்த அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் சுகம் என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, குட்டி பக்கத்தில் இருந்தாள். புதுக் கம்ப்யூட்டருக்கு ரெண்டு டிஸ்க்கா நாலு டிஸ்க்கா, எந்த மாதிரி ரெய்டு போடணும்னு திருப்புளிகிட்ட கேட்டுச் சொல்லும்மா என்றாய். பழசு எப்படிப் போச்சு என்றும் கேட்டாய். அதை முதலில் எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டு.

உன் அக்காவுக்கு நோய் என்று தெரிந்து நீ வந்திருந்த சமயம், நீயும் அந்த ரிப்பேர்காரரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அரை நாள் வாதாடியது எனக்கு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. சட்டைப் பையில் எந்நேரமும் ஸ்க்ரூ முடுக்குகிற திருப்புளியைக் குத்தி வைத்திருப்பதைப் பார்த்துக் குட்டி அவருக்கு வைத்த பேர்தான் திருப்புளி. ரெய்டு என்றதும் யாரோ வீட்டைச் சோதனை போட வருகிறார்கள் என்று நான் பீரோ சாவியைத் தேடினேன், டிஸ்க்குகளைச் சேர்த்துப் போடுவதற்கு அப்படிப் பேர் என்று நீ சிரித்தாய், அதையும் மறக்கவில்லை. ரெண்டு டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்தால் இடம் நிறையக் கிடைக்கும், ஆனால் ஒன்று கெட்டாலும் எல்லாம் போகும் என்றார் அவர். இடம் பாதியானாலும் பரவாயில்லை, இதில் எழுதுவதையே அதிலும் எழுதட்டும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்றாய் நீ. "ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்மா, ஏதாவது ஆச்சுன்னா சிவப்பு லைட் எரியும், உடனே எனக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். நல்ல யோசனைதான். கெடுத்தது நான்.

உன் அக்கா போன ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை வந்து வாசலிலேயே நின்றார். "ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணுதானே அத்தை, அவ படம் இருக்கறதுல எனக்கு ஒண்ணு குடுங்க" என்றார். பொண்டாட்டிக்கு மூச்சு நிக்கும்போது பக்கத்துல நிக்காத ஆளுக்குப் படம் எதுக்கு என்று கேட்டேன். வியாழக்கிழமை, பதினொன்றே கால் மணி, அந்த மனுஷன் அறையில் இல்லை. அவர் பதில் பேசவில்லை. பங்கு கேட்டு வந்தவருக்குப் பங்கு போட்ட மாதிரி, எடுத்துக்கொண்டு இனி இந்தப் பக்கம் வராதே என்று நானே பெட்டியைக் காட்டினேன். அவர் ஒரு டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு டேப் ஒட்டி எடுத்துப் போனார். குட்டியைப் பள்ளிக்கூட வாசலில் பார்க்க மட்டும் விட்டேன். அன்றையிலிருந்து சிவப்பு லைட் எரிந்தது. ஏன் எரிகிறது என்று எனக்குத்தான் தெரியுமே, ஜோடி இல்லை, எரிகிறது. கண்ணை உறுத்தியதால் அதன் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினேன். உன்னிடம் சொன்னால் நீ அவரோடு பேசிச் சமாதானம் செய்துவிடுவாய் என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் அக்காவின் போனைக் குட்டி படிப்புக்காகக் காலி செய்தபோதுதான் திருப்புளி அதில் பத்துப் பதிவுகளைக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் படுத்தபடி அவள் பேசியவை. ஒன்பது குட்டிக்கு, பத்து வயதில் கேட்க ஒன்று, வேலைக்குப் போகிற அன்று கேட்க ஒன்று, இப்படி. பத்தாவது மாப்பிள்ளைக்கு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனில் இருந்ததை அழித்துக் கொடுத்தார். நான் பத்தையும் கேட்டேன். மாப்பிள்ளைக்கு ஒன்று இருக்கிறது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. திருப்புளி பிளாஸ்திரியை உரித்துப் பார்த்து, "அம்மா, இது எத்தனை நாளா எரியுது" என்றார். பதினாறு மாதம் என்றேன். அவர் டிஸ்க்கைக் கழற்றினார். ஏற்கெனவே சிவப்பாக இருந்த லைட், இருந்த ஒற்றை டிஸ்க்கும் கெடும்போது வேறு என்ன நிறம் காட்டும்? கெட்ட டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருகிற பெரிய இடத்துக்கு அனுப்பிப் பார்த்தார், உள்ளே கீறல் விழுந்திருக்கிறது, ஒன்றும் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ரெண்டு பஸ் மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். பீரோவிலிருந்து அந்த டிஸ்க்கை எடுத்து வந்தார். கொண்டுபோன உறை, ஒட்டின டேப் பிரிக்கவே இல்லை. "ஒரு தடவைகூடப் போடல அத்தை, குரல் கேட்டா தாங்கமாட்டேன்" என்றார். படத்தை எடுத்துப் போய் எங்கோ எறிந்திருப்பார் என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நான். பஸ் ஏற்றிவிடும்போது, கடைசியா எனக்குன்னு ஏதாவது சொன்னாளா அத்தை என்று கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டுத்தான் வீடு வந்தேன்.

அந்த டிஸ்க் வேலை செய்கிறது. கல்யாணம், குட்டி பிறந்தது, எல்லாப் படமும் இருக்கிறது. பத்துப் பதிவும் அதில் இல்லை, அது பிரிந்த பிறகு ஏற்றியவை. இப்போது அவை இருப்பது என் தலையில் மட்டும், அதற்கு ஜோடி இல்லை. குட்டிக்கான ஒன்பதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். யார் எந்தக் கிழமையில் என்ன சொன்னார்கள் என்று நாற்பது வருஷத்துக் கோபத்தையும் வரிசையாகச் சொல்கிற எனக்கு, ஐந்தாவது பதிவில் அவள் பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னதற்கு அடுத்த ஒரு வரி வர மாட்டேன் என்கிறது. நாலு நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

பத்தாவது முழுசாக இருக்கிறது. எழுதுகிறேன், வைத்துக்கொள். "இப்பதான் உங்களை மாத்திரை வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன். மாத்திரை எதுவும் வேணாம். நான் மூச்சுக்குத் திணறுறதை நீங்க பாக்க வேணாம், அவ்வளவுதான். அம்மா உங்களைத்தான் திட்டும். திட்டிட்டுப் போகட்டும், நீங்க வாய் திறக்காதீங்க." இது தெரிந்துதான் நான் பதினைந்து மாதம் திட்டினேன். இதைக் கேட்காமலே அவர் வாய் திறக்கவில்லை. இதே வார்த்தைகளை இன்னொரு தாளில் எழுதி, நேற்றே அவர் விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிட்டேன். உனக்கு முதலில் எழுதியிருந்தால் என் மனசு மாறியிருக்கும். வார்த்தை போய்ச் சேரும், குரல் போய்ச் சேராது.

புதுசுக்கு நீ சொன்ன மாதிரியே ஜோடி டிஸ்க் போதும் என்கிறார் திருப்புளி. ஆனால் ஜோடியைக் கழற்றிப் பங்கு போடக் கூடாதாம், ஒரு பெட்டியில் இருப்பதால் தீயோ தண்ணீரோ வந்தால் ரெண்டும் சேர்ந்து போகுமாம், வேறு வீட்டில் தனியாக மூன்றாவது பிரதி ஒன்று இருக்கணுமாம். எந்த வீடு என்று கேட்டார். மாப்பிள்ளை வீடு என்றேன். ஆகையால் மூன்று டிஸ்க் அனுப்பு.

நீயும் உன் பிள்ளைகளும் எனக்குப் பிறகும் வெகுகாலம் குறையில்லாமல் இருங்கள், என் ஆயுசில் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து இருங்கள். ஐந்தாவது பதிவைப் பற்றி எப்போதாவது அக்கா உன்னிடம் போனில் பேசியிருந்தால், அதில் அந்தப் பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்ன பிறகு என்ன சொன்னாள் என்று யோசித்து உடனே எழுது. இந்தக் கடிதத்தைத் தொலைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா