ஒன்றரைக் குடை நீளம்

லூபோக் சீனா,
14.9.1996

அன்பு மகள் ஷாந்தினிக்கு அப்பா எழுதுவது,

வெளிநாட்டுக் குளிரும் பிரசவ வார்டு இரவு வேலையும் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நான் சுகமாக இருக்கிறேன். அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். வீட்டு விஷயத்தை மட்டும் எழுதவேண்டும், வேறு எதையும் எழுதி உன் பரீட்சையைக் கெடுக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தோட்டத்து ஆசிரியர் குடியிருப்பை வருஷக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். நீ அனுப்பிய இரண்டு விளம்பரத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமை பார்க்கப் போனோம். டிரஸ்ஸர் மரியசூசைதான் தன் வேனில் கூட்டிப்போனார். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிய பிறகும் ஊசி போட அவரைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். நம் வீட்டுக்கும் இப்போது தினமும் வருகிறார்.

முதலில் தங்கா பத்து என்ற ஊரில் ஒரு டவுன்ஹவுஸ். பேரைக் கேட்டுத் தனி வீடு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரே கட்டடத்தில் கீழ்வீடு ஒருவருக்கு, மேல்வீடு இன்னொருவருக்கு. இரட்டைக்கோடு நோட்டில் மேல்வரியில் ஒரு பிள்ளையும் கீழ்வரியில் ஒரு பிள்ளையும் எழுதுவதுபோல என்று வைத்துக்கொள். கீழ்வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் இருக்கிறது. கூடாரம் போட்டால் நாற்பது நாற்காலி பிடிக்கும். தெருவும் அகலம்; பெரிய வண்டி வாசல்வரை வரும். எனக்கு மனசுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இப்போதுதான் கூரை ஏறியிருக்கிறது. சாவி அடுத்த ஜூனில்தான் கிடைக்கும். அதுவரை மரியசூசை வீட்டுப் பின்னறையில் இருந்துகொள்ளலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு கிளேபாங்கில் கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. ஒன்பதாவது மாடி. வேலை முடிந்துவிட்டது, பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் சாவி. போகும் வழியில் வேனில் மரியசூசை, கோலாலம்பூரில் தன் தங்கை அகதா வீட்டுக்காரர் இறந்தபோது நடந்ததைச் சொன்னார். பன்னிரண்டாவது மாடி. பெட்டி லிப்டுக்குள் படுக்கவில்லை. "நிக்க வச்சுத்தான் எறக்கினோம் சார். உயிரோட இருந்தப்பகூட மச்சான் அவ்வளவு நேரா நின்னதில்லலா" என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் அம்மா உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்ததும் ரேடியோவைத் திருகினார்.

மேலே போனதும் அம்மா நேராகப் பால்கனிக்குப் போய்விட்டாள். கடல் தெரிகிறது. சாலை ஓரத்துக் கடைகள் தீப்பெட்டிபோலத் தெரிகின்றன. நாற்காலி வேண்டாம் என்று அரைமணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மூன்று மாதத்தில் அவள் அவ்வளவு நேரம் நின்று நான் பார்க்கவில்லை. அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் லிப்டுக்குள் போய்க் குடையால் அளந்தேன். ஒன்றரைக் குடை நீளம். கோணலாக வைத்தாலும் இரண்டுக்கு வரவில்லை.

கீழே ஆபீஸ் பெண்ணிடம், வீட்டில் ஒரு விசேஷம் என்றால் கூடாரம் போட விடுவீர்களா என்று கேட்டேன். பிறந்தநாளா, கல்யாணமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கூடாரம் கூடாதாம், நீச்சல் குளத்துப் பக்கம் மண்டபம் இருக்கிறது, முன்கூட்டியே தேதி சொன்னால் போதுமாம். தேதி தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது தங்கா பத்து வீட்டையே எடுத்துவிடலாம் என்று சொன்னேன். அம்மா, "ஏங்க, லிப்ட எதுக்கு அளந்தீங்க?" என்று கேட்டாள். அலமாரி போகுமா என்று பார்த்தேன் என்றேன். "நம்ம அலமாரி என் உசரந்தானே" என்றாள். நான் கையிலிருந்த குடையைக் காலடியில் தள்ளி வைத்தேன். "நிக்க வச்சே கொண்டுபோங்க. அன்னைக்கு நான் என்ன, வேணாம்னா சொல்லப் போறேன்? ஜூன் மாசம் வர்ற சாவிய வச்சு நான் என்ன செய்ய?" என்றாள். மரியசூசை வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, டயரைப் பார்ப்பதுபோல இறங்கிப் போய்விட்டார்.

பிள்ளைகள் கணக்கில் செய்யும் ஒரு தவறு உனக்கு ஞாபகம் இருக்கும். கேள்வியை முழுதும் படிக்காமல் கடைசி வரியை மட்டும் பார்த்து விடை எழுதுவார்கள். முப்பத்தொரு வருஷம் அதைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான். லிப்டுக்குள் நானும் கடைசி வரியைத்தான் பார்த்திருக்கிறேன். கடைசி ஒரு நாளுக்காக வீடு தேடினேன். அதற்கு முன்னால் இருக்கிற நாட்களை அவள் எங்கே உட்கார்ந்து கழிப்பாள் என்று யோசிக்கவே இல்லை.

ஆகவே கொண்டோவையே எடுப்போம். பணத்துக்கு நீ பேங்குக்கு எழுதிவிடு. கூலிக்காரர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத்து வீட்டிலேயே கிழவியானவள், ஒரு தடவையாவது தன் வீட்டுக் கதவைத் தானே திறக்கட்டும்.

நேற்று நான் மட்டும் பஸ் ஏறி மறுபடியும் கிளேபாங் போனேன். மாடிப்படிகளை எண்ணினேன். நூற்று நாற்பத்து நான்கு. திருப்பங்களையும் அளந்தேன்; அகலம் போதும். வரும் வழியில் லோரி ஓட்டும் கணேஸ்வரனைப் பார்த்தேன். உன்னோடு படித்தவன்தான். ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு சாமான் இறக்கவேண்டியிருக்கும், நாலு பேர் வேண்டும் என்றேன். "ஐஸ் பெட்டியா சார்?" என்று பிரிட்ஜை நினைத்துக் கேட்டான். என் முகத்தைப் பார்த்தவன், "எப்பக் கூப்பிட்டாலும் வர்றோம் சார், சாய விடமாட்டோம்" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. ஆகவே, அவளை நிற்க வைக்கத் தேவையில்லை.

இந்தக் கடிதத்தை வாசித்துக்காட்டச் சொன்னாள். சில பத்திகளை விட்டு வாசித்தேன். போதும் என்றாள். பால்கனியில் நின்றால் நீ வரும் டாக்சியை மேலிருந்தே பார்த்துவிடலாம் என்று எழுதச் சொன்னாள். அதற்காக உன் பழைய நீலத் துண்டை ஏற்கெனவே பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறாள். அதைக் கம்பியில் கட்டுவாளாம், வீடு தெரியாமல் நீ தவிக்கக்கூடாதாம்.

சித்திரைக்கு வருவதாக எழுதியிருந்தாய். சித்திரை தூரம், ஷாந்தினி. நவம்பரில் பரீட்சை எழுதிய கையோடு கிளம்பி வா. முன்னாலேயே வரமுடிந்தால் பரீட்சையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்வேன். ஆனால் வாத்தியார் வாயால் அதை எப்படிச் சொல்வது? நீயே யோசித்துக்கொள். நான் வாக்கு மீறவில்லை. வீட்டைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

கைநடுக்கம் இல்லாமல் பரீட்சை எழுது. நீ எடுத்துக் கொடுக்கும் குழந்தைகள் எல்லாம் நன்றாக அழுதுகொண்டே பிறக்கட்டும். துண்டு கம்பியில் இருக்கும்போதே வந்துவிடு, மகளே.

உன் அப்பா,
வீராசாமி