புடவை மாடியில் நீ உட்கார்ந்த மத்தியானம்

என் தங்கமே அமுதா,

நீ இல்லாமல் ஒரு தீபாவளி வியாபாரம் முடிந்துவிட்டது. போன வாரம் வரைக்கும் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நடக்க இடமில்லை. சுரங்கத்தில் போனஸ் வந்ததும் சுரங்கக் குவார்ட்டர்ஸ் ஜனத்தில் பாதி இங்கே வந்தது, மீதி போனிலேயே வாங்கிக்கொண்டது. நம் ஜவுளிக்கடையில் இந்த வருஷம் புடவை மாடிக்கும் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். அத்தனை சத்தத்திலும் அந்த மாடி எனக்கு ஊமையாகத்தான் இருந்தது.

உனக்கு எழுத வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. எழுதி யாரிடம் கொடுப்பது? அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உன்னைப் பார்த்திராதவர்களும் உன்னைத் தெரிந்துகொள்ளட்டும்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்தவள் நீ. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் குமாரைக் கட்டிக்கொண்டு மந்தாரக்குப்பம் வந்தாய். நான் அப்பாவின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவர் ரிட்டயர் ஆனதும் இங்கே வாடகை வீட்டுக்கு வந்தோம். எனக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போக, தலை நரைக்கிற வரைக்கும் அந்த மாடியிலேயே புடவை விரித்துக்கொண்டிருந்தேன். நீ கடையில் சேர்ந்த அன்றைக்கே நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, நான் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறேன் என்று சிரித்தாய். சிரித்த கையோடு அக்கா என்றும் கூப்பிட்டுவிட்டாய். என்னைக் கேட்கவே இல்லை.

ஒரு டீச்சரம்மா மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க வந்தது ஞாபகமிருக்கிறதா? அலமாரியில் பாதியை இறக்கி விரித்தாயிற்று, ஒன்றும் பிடிக்கவில்லை. கட்டினால் எப்படி இருக்கும் என்று தெரியவில்லையே என்று இழுத்தார். நீ யூனிபார்ம் புடவைக்கு மேலேயே ஒரு மாம்பழக் கலர் பட்டைக் கொசுவி வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோலத் தலையைக் குனிந்து நின்றாய். கொஞ்சம் வெட்கப்படும்மா, பார்ப்போம் என்றார் அவரும் விளையாட்டாக.

"மாப்ள பர்மனென்டா, கான்ட்ராக்டான்னு சொல்லுங்கம்மா. அத வெச்சித்தான் எவ்ளோ வெக்கப்படறதுன்னு முடிவு பண்ணணும்."

மாடியே சிரித்தது. டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பட்டோடு இன்னொன்றையும் சேர்த்து எடுத்துப்போனார். குமார் கான்ட்ராக்ட்தான் என்று தெரிந்த நாங்கள் மட்டும் சிரித்துக்கொண்டே உன் முகத்தைப் பார்த்தோம்.

இப்படி நின்று நின்று சாகிற வேலையில் உனக்கு எங்கிருந்து இவ்வளவு குறும்பு வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். நீ மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "நாள் பூரா இங்கதானக்கா கெடக்கறோம். வூட்டுக்குப் போயி சிரிச்சிக்கலாம்னா, அங்க போனா தூக்கந்தான் வருது."

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டுக்காரி என்றுதான் உன்னை நினைத்திருந்தோம். அந்தச் சிவப்புப் புடவை விஷயத்தில்தான் நீ யார் என்று தெரிந்தது. சாயம் போகிற சரக்கு ஒரு கட்டு வந்திருந்தது. திருப்பி அனுப்ப முடியாது, எப்படியாவது தள்ளிவிடுங்கள் என்று சூப்பர்வைசர் தனபால் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். திருவதிகையிலிருந்து ஒரு அப்பா, மகளின் வளைகாப்புக்கு எடுக்க வந்தார். கை முழுக்க மண் காய்ப்பு. அந்தச் சிவப்பைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். நீ அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தாய். அது சாயம் போவுங்க, இத எடுத்துக்கினு போங்க என்று வேறொன்றைக் கொடுத்தாய். தனபால் பின்னால்தான் நின்றிருந்தார்.

முதலாளி கீழே கூப்பிட்டனுப்பினார். நானும் கூட வந்தேன். கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டு கடைச் சரக்கையே குறை சொல்வாயா என்று அவர் கத்தினார். நீ குரலை உயர்த்தவில்லை. "நல்ல பொடவையா குடுங்க மொதலாளி, நாள் பூரா விக்கிறேன். பொய்ய மட்டும் என்னால விக்க முடியாதுங்க." நன்றாக விற்கிறவள் என்பதால் அன்று உன்னை விட்டார்கள். மாடிக்கு ஏறும்போது நீ தனபால் நடக்கிற மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினாய். உனக்குப் பயமே இல்லையா என்று நினைத்தேன். பயந்தால் இப்படித்தான் ஏதாவது கோமாளித்தனம் பண்ணுவாய் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஸ்டூல்கள் வந்து இறங்கின. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அவை குடோனுக்குப் போய்விட்டன. நம் மாடியில் எல்லாருக்கும் சாயங்காலம் கால் வீங்கும். அதனால் உன் வீக்கத்தை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த மத்தியானம். ஆள் வராத நேரம். புடவை விரிக்கும் வெள்ளை மெத்தையில் நீ பாட்டுக்கு உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாய். முதலாளி படியேறி வந்தார். எழுந்திரு என்றார்.

"ஆளு வந்தா எழுந்துக்கறேன் மொதலாளி. இப்ப காலு வலிக்குது."

அவர் நின்றுகொண்டே இருந்தார், நீ உட்கார்ந்துகொண்டே இருந்தாய். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, நானும் உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் அடுத்த அலமாரியில் நிற்கும் செல்வி, அப்புறம் மற்றவர்கள். கடைசியில் மாடியில் நின்றது முதலாளியும் பொம்மைகளும்தான். மறுநாள் ஸ்டூல்கள் மேலே வந்தன. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே காரியம் அது, அமுதா.

அதை நீ அனுபவித்தது எத்தனை நாள்? வீக்கம் முகத்துக்கு ஏறிய பிறகுதான் குமார் உன்னைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சிறுநீரகம் இரண்டும் ரொம்ப நாளாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றார்கள். நின்றதால் வந்ததில்லை என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கால் வீங்காத ஒரு இடத்தில் நீ வேலை பார்த்திருந்தால், உன் கால் வீங்கியது யார் கண்ணிலாவது முன்னாலேயே பட்டிருக்காதா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

டயாலிசிஸ் வார்டில் உன்னைப் பார்க்க வந்தபோது பாதியாக இளைத்திருந்தாய். "பாத்தியாக்கா, ஒக்கார எடம் கேட்டேன். படுக்கவே வெச்சிட்டாங்க" என்றாய். நீ எதிர்பார்க்கிறாயே என்று நான் சிரித்தேன். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, பயமா இருக்குதுக்கா என்றாய். அது ஒரு தடவைதான்.

இனி நீ போன பிறகு நடந்தது. ஒரு ஸ்டூல் உடைந்தது, புதிது வரவில்லை. பிறகு தீபாவளிக் கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று மிச்சத்தையும் கீழே இறக்கினார்கள். மாடியில் கேமரா மாட்டினார்கள். தனபாலிடம் போய்க் கேட்டேன். "நான் என்னம்மா பண்றது, நானும் நின்னுகினுதான இருக்கேன்" என்றார். அவர் காலும் வீங்கித்தான் இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதே மெத்தையில் போய் உட்கார்ந்தேன். நீ செய்த மாதிரியே. யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்கள் என்று நம்பினேன். செல்வி என்னைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னப் பெண்கள் அசையவே இல்லை. அவர்கள் மேல் கோபமில்லை. வேலை போனால் அவர்களுக்கு என்ன இருக்கிறது இந்த ஊரில்?

கேமராவில் பார்த்துவிட்டு வந்த முதலாளி இந்தத் தடவை கத்தவில்லை. "வயசாயிடுச்சு உங்களுக்கு. ஒக்கார்ற வேலையே குடுத்துடறேன்" என்றார், ரொம்ப மரியாதையாக. மறுநாளிலிருந்து நான் கீழே குடோனில். புடவைக்கு விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கிறேன். ஒரு டியூப்லைட், அட்டைப்பெட்டிகள், நாப்தலின் நாற்றம். பேச ஆளில்லை. கட்டு இறக்குகிற ஆளிடம் உன்னை மாதிரி ஒரு கேலி சொல்லிப் பார்த்தேன். அவர் காதிலிருந்து இயர்போனை எடுத்து, என்னங்கம்மா என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

குமார் உன் மகள் இலக்கியாவை உன் அம்மா வீட்டிலேயே விட்டிருக்கிறார். அங்கே பள்ளிக்கூடம் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினேன். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று அந்த டீச்சரம்மா கதையைச் சொன்னேன், பர்மனென்ட் மாப்பிள்ளை வரைக்கும். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா வூட்ல அப்படிலாம் பேசினதே இல்லியே பெரியம்மா."

அமுதா, உன் சிரிப்பை எல்லாம் நாங்களே தின்றுவிட்டோமா? அந்தப் பிள்ளைக்கு நீ களைத்துத் தூங்குகிற அம்மாவாக மட்டும்தான் இருந்தாயா? நீ கடைக்குக் கொண்டுவந்த தைரியத்தையும் சிரிப்பையும் நினைத்து இத்தனை நாள் பெருமைப்பட்டேன். அதில் கொஞ்சம் வீட்டுக்கு மிச்சம் வைத்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக உன்மேல் கோபம் வந்தது. பிறகு கோபம் கடை மேல் திரும்பியது. இப்போது யார்மேலும் இல்லை, அலுப்புதான் இருக்கிறது.

நேற்று தனபால் குடோனுக்கு வந்தார். நான் செய்தது தப்பு என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் பொங்கல் வியாபாரத்துக்கு மேலே எடுத்துக்கொள்வாராம். தனபால் நல்ல மனசோடுதான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

யோசித்துவிட்டேன். உட்கார்ந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த லீவுக்குச் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறி, அந்த மாடியில் நீ பேசியதை எல்லாம் இலக்கியாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்படைப்பேன். அவள் சிரிக்காவிட்டாலும் சொல்வேன். இந்த இரண்டும் உனக்கு நான் தரும் வாக்கு. மூன்றாவதாக, நானும் சிரிப்பேன் என்று எழுதத்தான் ஆசை. உன்னிடம் பொய்யை விற்க என்னாலும் முடியவில்லை.

நீயாக ஆக்கிக்கொண்ட உன் அக்கா,
விஜயா